புஷ் போகட்டும், ஆர்ம் இருக்கட்டும்

ஸ்பானரைத் திருப்பினேன். போல்ட் அசைந்து கால் சுற்று வரை வந்தது. கையைத் தளர்த்தியதும் ஸ்பானர் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றது.

இறுகிக் கிடந்த போல்ட் விட்டுக்கொடுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். இரண்டு முறையும் அதே கால் சுற்று, அதே திரும்பல். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. போல்ட் மட்டும் திரும்பவில்லை. அதைச் சுற்றியிருந்த உள் ஸ்லீவும், அதாவது போல்ட் நுழைகிற இரும்புக் குழலும், சேர்ந்தே திரும்பியது. அதற்கு வெளியே இருந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு, நான் கையை எடுத்ததும் இரண்டையும் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டது.

இது அப்பாவின் கார். அவர் 14 வருடம் ஓட்டினார். அதற்கப்புறம் 11 வருடம் தார்ப்பாய்க்குள் நின்றது. இன்ஜினை இறக்கிப் பிரித்துப் பார்த்தாயிற்று, வயரிங்கைப் பாதி மாற்றியாயிற்று. அதிலெல்லாம் வராத தடங்கல் பின்பக்க லோயர் ஆர்மில் வந்தது. ஆக்சிலைப் பாடியோடு இணைக்கிற இரும்புக் கை அது, பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு ஆர்முக்கும் முனைக்கு ஒன்றாக இரண்டு புஷ், ரப்பர் வைத்த மூட்டு. பின் முனை ஆக்சிலோடு சேரும், முன் முனை பாடியோடு சேரும். பின் முனை போல்ட்கள் இரண்டும் எண்ணெய் காட்டியதும் வந்துவிட்டன. முன் முனை அப்படியில்லை. முன் சக்கரம் வாரியடிக்கிற சேறும் தண்ணீரும் வந்து தங்குவது அங்கேதான்.

புஷ் என்று நாம் ஒரே பேராகச் சொல்கிறோம். அதற்குள் மூன்று பொருள் இருக்கிறது. நடுவில் போல்ட் நுழைகிற உள் ஸ்லீவ். அதைச் சுற்றி, அதோடு ஒட்டவைத்த ரப்பர். அதற்கும் வெளியே, ஆர்மின் வளையத்துக்குள் இறுக்கி ஏற்றிய வெளி ஸ்லீவ். போல்ட்டை முடுக்கும்போது, ஆர்மின் முனையை நடுவில் வாங்கிக்கொள்கிற பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் உள் ஸ்லீவை இருபுறமும் நெரித்துப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் மேலும் கீழும் போகையில் போல்ட் சுழலாது, உள் ஸ்லீவும் சுழலாது. ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு திரும்பும். என் ஸ்பானர் திரும்பி வந்ததும் அதனால்தான். அந்த ரப்பர் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த வேலையைத்தான் அன்றைக்கும் பார்த்தது.

ஆகவே "புஷ் இறுகிவிட்டது" என்று சொல்வதில் பயனில்லை. எது எதோடு இறுகியிருக்கிறது என்று கேட்க வேண்டும். என் வண்டியில் இரண்டு இடத்தில் இறுகியிருந்தது. போல்ட் உள் ஸ்லீவோடு, வெளி ஸ்லீவ் ஆர்மோடு. இரண்டும் வேறு வேறு பூட்டு, சாவியும் வேறு வேறு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு சனிக்கிழமை ஆனது.

அந்தச் சனிக்கிழமை நான் செய்ததெல்லாம் சுத்தியல் வேலை. நட்டைக் கழற்றிவிட்டு போல்ட்டின் முனையில் அடித்தேன். போல்ட் ஒரு இழை நகரவில்லை. முனைதான் குடை போல விரிந்து மரை முழுக்க நசுங்கியது. மாலையில் மாமா வந்தார். என் அம்மாவின் தம்பி. நாற்பது வருடம் லேத்தில் நின்றவர். வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "அடிக்காதம்மா" என்றார். "ரப்பர் நடுவுல இருக்கற வரைக்கும் நீ அடிக்கறது துருவுக்குப் போய்ச் சேராது. எல்லா அடியையும் ரப்பரே வாங்கிக்கும்."

எண்ணெய் விட்டுப் பார்த்ததையும் சொன்னேன். மூன்று நாள் காலையும் மாலையும் விட்டிருந்தேன். "எண்ணெய் எந்த வழியா உள்ள போகும்?" என்று கேட்டார். யோசித்தேன். உள் ஸ்லீவின் இரண்டு முனையும் காதுகளோடு ஒட்டி நெரிபட்டு நிற்கின்றன. நான் விட்ட எண்ணெய் வெளியிலேயே வழிந்து ரப்பரைத்தான் நனைத்திருக்கிறது. நட்டைத் தளர்த்திவிட்டு, காதுக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் மெல்லிய உளியைக் கொடுத்துக் காதை ஒரு மயிரிழை விரித்த பிறகு விட்டிருந்தால் உள்ளே இறங்கியிருக்கும். அப்படியும் செய்து ஒரு இரவு விட்டோம். வலது பக்கப் போல்ட் மறுநாள் காலை முனகிக்கொண்டே ஸ்லீவை விட்டு வந்தது. இடது பக்கம் வரவில்லை.

இந்தத் துரு ஏன் இப்படிப் பிடிக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. இரும்பு துருவாக மாறும்போது, முன்பு அடைத்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். வெளியில் என்றால் பொருக்கு பொருக்காக உதிர்ந்து போகும். 12 மி.மீ. போல்ட்டுக்கும் அதை ஒட்டினாற்போல் செய்த ஸ்லீவுக்கும் நடுவில் அதற்குப் போக்கிடம் ஏது? இருக்கிற இடத்திலேயே புடைத்து, சுற்றிலும் ஆப்பு அடித்ததுபோல் இறுக்கும். இந்த ஆப்பு 60 மி.மீ. நீளத்துக்கு இருக்கிறது.

நெருப்பு காட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் காட்டவில்லை. அந்த போல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி பெட்ரோல் பைப் ஓடுகிறது, அதன் பக்கத்திலேயே பிரேக் பைப். ரப்பர் பற்றிக்கொண்டால் அந்தப் புகையில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்ய முடியாது. ஆர்மைக் கழற்றி வெளியே எடுத்த பிறகு ரப்பரை எரித்து எடுப்பவர்களும் உண்டு. அந்தக் கரும்புகையை மூச்சில் இழுக்கும் அளவுக்கு எந்த புஷ்ஷும் பெறுமானமுள்ளதில்லை என்பது என் முடிவு.

மிச்சம் இருந்த வழி, போல்ட்டை அறுப்பது.

அறுப்பதற்கு முன்னால் ஒன்று. அந்த போல்ட் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி நான்கு ஸ்டாண்டில் பாடியின் மீது நின்றாலும், ஆக்சிலின் எடையும் ஸ்பிரிங்கின் தள்ளலும் எங்கேயோ ஒரு போல்ட்டின் மீது உட்கார்ந்திருக்கும். அறுந்ததும் அது துள்ளும். ஆக்சில் குழாய்க்கு அடியில் ஜாக் கொடுத்து, ஏற்றி இறக்கி, ஆர்ம் எந்தப் பக்கமும் இழுபடாத நிலை வரும்வரை பார்த்துக்கொண்டேன். பின் முனையில் பழைய போல்ட்டைச் செருகி, அது விரலால் தள்ளினாலே போகிறதா என்று பார்த்தேன். தடையில்லாமல் போனால் எடை இல்லை என்று அர்த்தம்.

காதுக்கும் ஸ்லீவின் முனைக்கும் நடுவில் விரித்த இடைவெளியில் ஹேக்சா பிளேடு மட்டும்தான் நுழையும். பிரேமுக்கு இடமில்லை. பிளேடின் ஒரு முனையில் துணியைத் தடியாகச் சுற்றி அதையே கைப்பிடியாக வைத்துக்கொண்டேன். போல்ட் தலையில் 10.9 என்று பொறித்திருந்தது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும் என்பதை முதல் எண் சொல்கிறது. அதில் பத்துக்கு ஒன்பது பங்கு வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதை இரண்டாவது எண் சொல்கிறது. அவ்வளவு கெட்டியான எஃகைச் சாதாரண பிளேடு சும்மா வழுக்கிவிட்டுப் போகும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பைமெட்டல் பிளேடுதான் கடித்தது. வேகமாக இழுத்தால் சூடேறிப் பல் மழுங்கும். நிதானமாக, முழு நீளத்துக்கும், நடுநடுவே ஒரு சொட்டு எண்ணெயோடு இழுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் அறுந்ததும் ஆர்ம் என் நெஞ்சின் மேல் வைத்திருந்த மரப்பலகையில் மெதுவாக வந்து படுத்தது. பிராக்கெட்டின் காதுகளில் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்தது வெளி ஸ்லீவ்.

மாமா லேத்தில் இரண்டு துண்டு கடைந்து கொண்டுவந்தார். ஒன்று தள்ளி. வளையத்தின் துளை 40 மி.மீ. என்பதால் தள்ளியின் வெளி விட்டம் 39.6. அது ஸ்லீவின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்து, ஸ்லீவோடு துளைக்குள் போகும். இன்னொன்று 42 மி.மீ. உள் விட்டமுள்ள கிண்ணம். வெளியே வருகிற ஸ்லீவ் அதற்குள் இறங்கும். நடுவில் போல்ட் துண்டு அடைத்துக்கொண்டிருந்ததால் அதை டிரில் போட்டுத் துளைத்து எடுத்து, 16 மி.மீ. மரை ராடு நுழையும் அளவுக்கு வழி செய்தோம். அதற்கே ஒரு முற்பகல் போனது. பிறகு ராடு, இரண்டு நட்டு, தடித்த வாசர்கள், மரையில் நிறைய கிரீஸ்.

முடுக்கினேன். 16 மி.மீ. மரையில் 100 நியூட்டன் மீட்டர் முடுக்கினால் ஏறக்குறைய 3 டன் இழுவிசை கிடைக்கும். இவ்வளவு சின்னப் பொருளுக்கு 3 டன் என்பது நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் கணக்கு அதுதான். நீளமான கைப்பிடியில் இன்னும் கொஞ்சம் முடுக்கினேன். ஒரு கட்டத்தில் நட்டு திரும்பிக்கொண்டே வந்தது, ஆனால் கைக்குப் பாரம் கூடவே இல்லை. ஸ்லீவ் நகர ஆரம்பித்துவிட்டது என்று மாமாவிடம் சொன்னேன். அவர் ஸ்லீவின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "அது எங்கயும் போகல. நிறுத்து" என்றார். ராடுதான் நீண்டுகொண்டிருந்தது. கடையில் கிடைக்கும் சாதாரண மரை ராடு அந்தத் தடிமனில் 4 டன்னை நெருங்கும்போதே நீள ஆரம்பித்துவிடும். இன்னும் இரண்டு சுற்று போயிருந்தால் அறுந்து, அந்த நட்டும் தள்ளியும் யார் முகத்துக்கு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நீண்டுபோன அந்த ராடை மேஜையில் வைத்திருக்கிறேன். நடுவில் மரைகள் தள்ளித் தள்ளி நிற்பது கண்ணுக்கே தெரியும்.

கெட்டியான ராடு வாங்கிப் போடலாமா என்று கேட்டேன். மாமா வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணத்தை நான் அதுவரை யோசித்ததே இல்லை. "புஷ் புதுசு கிடைக்கும். இந்த ஆர்ம் இனிமே கிடைக்காது. வளையம் தகடு, சுத்தி வெல்டிங். பத்து டன் போட்டு ஸ்லீவ் வரலன்னா வளையம் நீள்வட்டமாயிடும். புஷ் போகட்டும், ஆர்ம் இருக்கட்டும்."

அன்றிலிருந்து வேலையின் போக்கே மாறியது. முழுசாக வெளியே எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டேன். உள்ளேயே அழித்து எடுப்பது என்று முடிவானது.

ரப்பரில் 6 மி.மீ. டிரில்லால் சுற்றி வரத் துளை போட்டேன். ரப்பர் டிரில்லைக் கவ்விக்கொள்ளும், ஆர்ம் கையை முறுக்கிவிடும். வைஸில் இறுக்கிப் பிடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே போட்டால் சீராகப் போகிறது. துளைகளுக்கு நடுவில் இருந்ததைக் கத்தியால் அறுத்ததும் உள் ஸ்லீவ் கையோடு வந்துவிட்டது. அப்போதுதான் ரப்பரின் உள்பக்கத்தைப் பார்த்தேன். ஒரே பக்கமாக, ஒரே கோணத்தில், பாதி ஆழத்துக்குக் கிழிந்திருந்தது. இதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது வளையத்துக்குள் வெளி ஸ்லீவ் மட்டும் மிச்சம். ஹேக்சா பிரேமிலிருந்து பிளேடைக் கழற்றி, வளையத்துக்குள் நுழைத்து, மறுபடி பிரேமில் மாட்டி, உள்ளிருந்து நீளவாக்கில் அறுக்க வேண்டும். ஸ்லீவ் வெட்டுப்பட்டதும் அதன் வட்டம் விட்டுப்போகும், பிடியும் விட்டுப்போகும். புதிய புஷ்ஷை வெர்னியரில் அளந்ததில் ஸ்லீவின் கனம் 1.5 மி.மீ. அவ்வளவுதான் அறுக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு இழை போகக் கூடாது.

முதல் ஆர்மில் நான் அதற்கு மேல் போய்விட்டேன். ஸ்லீவுக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு பழுப்புக் கோடு தெரியும். துருவின் கோடு. அது தெரிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். துருத்தூளும் எண்ணெயும் சேர்ந்து வெட்டை மூடியிருந்ததால் நான் துடைத்துப் பார்க்காமல் இழுத்துக்கொண்டே போனேன். துடைத்தபோது கோட்டுக்கு அப்பால் வெள்ளையாக மின்னியது. அது ஆர்ம். கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆழத்தில், இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு காயம். சிறிது நேரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஒவ்வொரு சர்வீஸுக்கும் கிட்டே நின்று பார்த்துக்கொண்ட வண்டி. 25 வருடத்தில் அந்த ஆர்மில் யாரும் வைக்காத வெட்டை நான் வைத்தேன்.

ஆழமான கீறல் பாரம் தாங்கும் இரும்பில் விரிசலுக்கு வித்தாகலாம். அதனால் இதை அப்படியே விடவில்லை. கீறலின் கூரான விளிம்புகளை வட்ட அரத்தாலும் எமரியாலும் மழுக்கினோம். பிறகு சிவப்புச் சாயம் அடித்துச் சோதித்தோம். சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடர் ஸ்பிரே அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலிலிருந்து சாயம் கசிந்து சிவப்புக் கோடாக வரும். பத்து நிமிடம் இரண்டு பேரும் அந்த வெள்ளைப் பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு எதுவும் வரவில்லை. வெல்டிங் ஓரத்திலும் அடித்துப் பார்த்தோம், அங்கேயும் இல்லை. வெட்டு வெல்டிங்கிலிருந்து தள்ளி, பாரம் குறைவாக விழும் பக்கத்தில் இருந்தது. வைத்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார்.

இரண்டாவது ஆர்மில் பத்து இழுப்புக்கு ஒரு முறை துடைத்தேன். பழுப்புக் கோடு தெரிவதற்குச் சற்று முன்பே, ஸ்லீவில் காகிதக் கனம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தினேன். ஒரு விரல் தள்ளி இன்னொரு வெட்டு, அதே ஆழத்துக்கு. பிறகு முனை மழுங்கிய சின்ன உளியை இரண்டு வெட்டுக்கும் நடுவில் இருந்த பட்டையின் விளிம்பில் வைத்து, உள்பக்கமாகச் சுருட்டுவதுபோல் தட்டினேன். நாலாவது தட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். மிச்சமிருந்த காகிதக் கனம் பிளந்தது. பட்டை சுருண்டு வந்தது. அதற்குப் பிறகு ஸ்லீவை இரண்டு விரலால் இழுத்தேன், வந்துவிட்டது. 4 டன்னுக்கு அசையாத அதே மாதிரி ஸ்லீவ்.

முதல் ஆர்முக்கு இரண்டு வார இறுதி ஆனது. இரண்டாவதற்கு, டிரில் எடுத்ததிலிருந்து கணக்கிட்டால், ஐம்பது நிமிடம்.

புதிய புஷ் ஏற்றியதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். துளையை எமரி சுற்றிய குச்சியால் சுத்தம் செய்தேன். துருவை மட்டும் எடுக்க வேண்டும், துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது என்பதற்காக மூன்று இடத்தில் அளந்துகொண்டே வந்தேன். புஷ்ஷின் ரப்பரில் இரண்டு பக்கம் பிறை வடிவில் வெற்றிடம் இருக்கும். அது எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பது முக்கியம், ஏனென்றால் அந்தத் திசையில்தான் ஆர்ம் இணக்கமாக அசையும். கழற்றுவதற்கு முன்பே வளையத்தின் விளிம்பில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். முதலில் சாக்பீஸில் போட்ட குறியை எண்ணெய் அழித்துவிட்டது. புள்ளி அழியாது.

புஷ்ஷை ஒரு இரவு பிரீசரில் வைத்தேன். 40 மி.மீ. எஃகு 45 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது 0.02 மி.மீ.தான். வளையத்தை ஹீட் கன்னால் 90 டிகிரிக்குக் கொண்டுபோனால் இன்னொரு 0.03 விரியும். சேர்ந்தால் தலைமுடியின் கனம்கூட வராது. ஆனால் இறுக்கி ஏற்றும் பொருளில் மொத்தக் கணக்கே அந்த அளவுகளில்தான் நடக்கிறது. மாமா கடைந்த அதே தள்ளியையும் கிண்ணத்தையும் வைத்து, புதிய ராடில், வெளி ஸ்லீவின் விளிம்பில் மட்டும் அழுத்தி ஏற்றினோம். ரப்பரின் மேல் கிரீஸ் படாமல் பார்த்துக்கொண்டேன், இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் உப்பிக் கெட்டுவிடும். பாலியூரிதேன் போடச் சொல்லி நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். அது கெட்டியாக இருக்கும், உழைக்கும், ஆனால் சாலையின் அதிர்வு முழுவதும் உள்ளே வரும். அப்பாவின் வண்டியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ரப்பரே போட்டேன்.

இப்போது அந்தக் கிழிசலுக்கு வருகிறேன். ரப்பர் ஒரே பக்கமாகக் கிழிந்திருந்ததற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. முன்பு எப்போதோ யாரோ இந்த ஆர்மைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். பூட்டும்போது வண்டி தூக்கி நிற்க, ஆக்சில் கீழே தொங்கிக்கொண்டிருக்க, அப்படியே போல்ட்டை முடுக்கிவிட்டிருக்கிறார்கள். காதுகள் உள் ஸ்லீவைத் தொங்கும் கோணத்தில் நெரித்துப் பிடித்துக்கொண்டன. வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வந்தது, உள் ஸ்லீவ் வரவில்லை. அந்த ரப்பர் வண்டி சும்மா நிற்கும்போதும் முறுக்கியபடியே நின்றிருக்கிறது, வருடக்கணக்கில். அதன்மேல் ஒவ்வொரு குழியும் இன்னும் முறுக்கியிருக்கிறது.

அதனால் நான் புதிய போல்ட்டின் உடலில் மெல்லியதாகக் காப்பர் பேஸ்ட் தடவி, மரையைத் தொடாமல் விட்டு, கையால் நுழைத்தேன். இரண்டு விரலில் தள்ளியதும் மறுபக்கக் காதில் எட்டிப் பார்த்தது. நட்டைத் தளர்வாக மாட்டினேன். ஸ்டாண்டை எடுத்து, சக்கரத்தின் மேல் வண்டியை இறக்கி, பின் டிக்கியில் அப்பாவின் பழைய டூல் பெட்டியும் இரண்டு மணல் மூட்டையும் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் இரண்டடி உருட்டி ஸ்பிரிங்கைத் தன் இடத்தில் உட்காரவிட்டேன். பிறகு சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி, அடியில் நுழைந்து, வண்டி நின்ற நிலையிலேயே, வைத்த அளவு இறுக்கம் வந்ததும் கிளிக் என்கிற டார்க் ரெஞ்ச் போட்டு முடுக்கினேன்.

கிளிக் என்றது. கையை எடுத்தேன். ரெஞ்ச் நின்ற இடத்திலேயே நின்றது.

முன்பக்க ஆர்ம் இரண்டும் பாக்கி இருக்கின்றன. அவற்றின் நட்டுகளைத் தளர்த்தி, காதுகளை விரித்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன்.